தம்பிக்கும் வருமா? உணவுக்குழாய் ஒவ்வாமைக்கு மரபணுச் சோதனை எடுக்கும் முன்

பெரியவனுக்கு நோயின் பெயர் தெரிந்தபோது அவனுக்கு எட்டு வயது. இயோசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ், சுருக்கமாக ஈ.ஓ.ஈ. ஒவ்வாமையில் பங்கெடுக்கும் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் வந்து குவிந்து, அதைப் புண்ணாக்கி, வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் தடிக்கவும் சுருங்கவும் வைக்கிற நோய். அதற்கு முன் இரண்டு வருடம் வெறும் அமிலத் தொல்லை என்றுதான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பான். ஒரு தோசை தின்ன முக்கால் மணி நேரம் ஆகும். அடம் பிடிக்கிறான் என்று நான் அதட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

முடிவு வந்த அன்று காரில் திரும்பும்போது, பின் சீட்டில் இரண்டு வயதுச் சின்னவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவனுக்கும் வருமா? அன்று ராத்திரியே மரபணுச் சோதனை பற்றித் தேட ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது ஓஹையோவில், சின்சினாட்டிக்கு வடக்கே மேசன் என்ற ஊரில். 2010-இல் ஐந்தாம் குரோமோசோமில் டி.எஸ்.எல்.பி மரபணு இருக்கும் பகுதியையும், 2014-இல் கேல்பெய்ன்-14 மரபணுவையும் இந்த நோயோடு இணைத்துக் காட்டிய ஆய்வுகள் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் தலைமையில் நடந்தவை. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். மரபணுவைக் கண்டுபிடித்த ஊரிலேயே இருக்கிறோம், ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் 'வரும்', 'வராது' என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். அப்படி ஒரு சோதனை இல்லை. அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, மரபணுச் சோதனையிடம் நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். 'நோய் இப்போது இருக்கிறதா?' என்பதுதான் கேள்வி என்றால் மரபணுவிடம் போகவே வேண்டாம். அதற்கு எண்டோஸ்கோப்பியும் (வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பயாப்சியும் (சதைத் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது)தான் வழி. உணவுக்குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இரண்டு இடங்களிலிருந்தாவது குறைந்தது ஆறு துண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் இருந்தால்தான் இந்த நோய் என்ற பேச்சே எழும். பெரியவனுக்கு 60 இருந்தது.

'எந்த உணவு ஆகாது?' என்பது கேள்வி என்றாலும் மரபணு பதில் சொல்லாது. டி.என்.ஏ-வைப் பார்த்து உணவுப் பட்டியல் தருகிறோம் என்று விற்கும் பெட்டிகளை நம்பி, குழந்தையின் தட்டிலிருந்து எதையும் எடுத்துவிடாதீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையே இந்த நோயில் சரியாக வழிகாட்டுவதில்லை. உணவை நிறுத்தி, சில வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதுதான் இன்றுவரை உள்ள வழி. முன்பெல்லாம் பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை என ஆறையும் ஒன்றாக நிறுத்துவார்கள். 2023-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பெரியவர்களில் பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதத்தினருக்கும், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியது என்று காட்டியது. பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் பாலில் ஆரம்பித்தோம். தயிர்சாதம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மோர் மிளகாயில் மோர் உண்டு என்பதே மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது. கோதுமையை நிறுத்துகிறவர்கள் கடைப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயாப்சித் துண்டில் 96 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கும் ஒரு பட்டியல் சோதனை 2013-இல் வெளியானது. அதையும் மரபணுச் சோதனை என்றே சொல்வார்கள். அது நோய் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்வது. பிறவியிலேயே வந்த ஆபத்தைச் சொல்வது அல்ல. யாராவது 'ஜீன் டெஸ்ட்' என்றால், எச்சிலா, ரத்தமா, உணவுக்குழாய்த் துண்டா என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

'வருமா?' என்ற கணக்கு

கல்யாணத்துக்கு முன் நாமக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்தேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

அமெரிக்காவில் இப்போது சுமார் 700 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணிக்கிறார்கள். கேல்பெய்ன்-14-இன் ஆபத்தான வடிவம் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'இரண்டு மடங்கு' என்று அறிக்கையில் சிவப்பில் போட்டால் வயிறு கலங்கும். ஆனால் 700 பேரில் ஒருவர் என்பது இருவர் ஆகிறது, அவ்வளவுதான். மீதி 698 பேர் அந்த மரபணுவை வைத்துக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

இப்போது மரபணுவை விட்டுவிட்டு உறவை மட்டும் பாருங்கள். 2014-இல் வெளியான ஒரு குடும்ப ஆய்வில், நோயுள்ளவர்களின் உடன்பிறந்தோரில் 2.4 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருந்தது. சகோதரர்களை மட்டும் எடுத்தால் 3.5 சதவீதம். 700 தம்பிகள் இருந்தால் சுமார் 24 பேர். அதாவது, சின்னவன் 'இவனுடைய தம்பி' என்ற ஒரு தகவல், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பித் தெரிந்துகொள்ளும் ஒரு மரபணு வடிவத்தைவிடப் பல மடங்கு கனமானது. அந்தத் தகவலுக்குக் காசு கிடையாது. அதே கணக்கைத் திருப்பியும் பாருங்கள்: 676 தம்பிகளுக்கு வரவில்லை.

அதே ஆய்வில் இரட்டையர்களைப் பற்றி வந்த எண்கள்தான் என் மனதை மாற்றின. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 41 சதவீதம். முழு மரபணுவும் ஒன்றாக இருந்தும் பாதிக்கு மேல் தப்பித்திருக்கிறார்கள். இரு கரு இரட்டையரில் அது 22 சதவீதம். இரு கரு இரட்டையர் மரபணுக் கணக்கில் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனாலும் 2.4 எங்கே, 22 எங்கே. ஒரே கருப்பை, ஒரே பிரசவம், ஒரே நேரத்துப் பால், ஒரே நேரத்து மருந்து: இந்த ஆரம்ப கால ஒற்றுமைதான் அந்த இடைவெளியை நிரப்புகிறது. குழந்தையின் முதல் வருடத்தில் கொடுத்த ஆன்டிபயாடிக், சிசேரியன், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தொடர்பு என்றுதான் சொல்கிறேன், காரணம் என்று அல்ல. பெரியவன் பிறந்தது சிசேரியனில். உயிரைக் காப்பாற்ற எடுத்த முடிவுக்காக எந்த அம்மாவும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. இந்த மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துக் கட்டிய ஆபத்து மதிப்பெண்ணை நம் பிள்ளைகள் மீது அப்படியே வைத்து அளக்க முடியாது.

பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவர் யார்?

ஆகவே முதலில் செய்ய வேண்டிய சோதனை குடும்பக் கதைதான். அதைக் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். நான் அம்மாவிடம் போனில், "நம்ம வீட்டில் யாருக்காவது உணவுக்குழாயில் நோய் உண்டா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம பரம்பரையிலேயே கிடையாது" என்று முடித்துவிட்டார். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த வீட்டிலும் இந்தப் பதில்தான் வரும்.

மரபணு ஆலோசகர் எனக்கு வேறு மாதிரி கேட்கச் சொல்லிக்கொடுத்தார். இந்த நோய் உள்ளவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே நோயை அனுசரித்து வாழப் பழகிவிடுகிறார்கள்: தண்ணீரோடு விழுங்குவது, சோற்றைக் குழையப் பிசைவது, நேரம் எடுத்துச் சாப்பிடுவது, கறித்துண்டையும் ரொட்டியையும் ஒதுக்குவது, ரொம்ப நேரம் மெல்வது, மாத்திரை என்றால் தவிர்ப்பது. அந்தப் பழக்கங்களைத்தான் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அம்மாவிடம், "கல்யாணப் பந்தியில் எப்போதும் கடைசியாக எழுந்திருப்பது யார்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "உன் பெரிய மாமாதான். சொம்புத் தண்ணி பக்கத்திலேயே இருக்கணும். ஆட்டுக்கறி போட்டால் சாறு மட்டும் ஊத்திக்குவான். ஒரு தடவை கறி தொண்டையில் நின்னு சேலத்துக்குத் தூக்கிட்டுப் போனோமே, மறந்துட்டியா?"

எனக்கு அது தெரியவே தெரியாது. மாமாவுக்கு அப்போது 58 வயது. மூன்று மாதம் கெஞ்சிய பிறகு எண்டோஸ்கோப்பிக்குச் சம்மதித்தார். குழாய் வளையம் வளையமாகச் சுருங்கியிருந்தது. பயாப்சியில் அதே நோய். சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் கண்டுபிடித்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும், 20 வருடத்துக்கு மேல் தாமதமானவர்களில் 71 சதவீதத்தினருக்கும் குழாய் சுருங்கியிருந்தது. மாமா எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது மருந்தில் இருக்கிறார். போன தீபாவளிக்குக் கறி சாப்பிட்டதாக அம்மா சொன்னார்.

மூன்று தலைமுறைக்குப் படம் போடுங்கள். தாத்தா பாட்டி, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே விழுங்குவதில் தொல்லை, இழுப்பு, கரப்பான், மூக்கொழுகல், உணவு ஒவ்வாமை எது இருந்தாலும் குறியுங்கள். 'எக்ஸிமா' என்று கேட்டால் தெரியாது என்பார்கள். 'சின்ன வயசில் கரப்பான் வந்ததா?' என்றால் கதையே வரும். ஆண்களிடம் இன்னும் அழுத்திக் கேளுங்கள், இந்த நோய் ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

அப்புறம், சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். என் கணவர் என் அத்தை மகன். ஆலோசகர் எங்கள் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். அவர்கள் முறையில் உறவுக்குள் திருமணத்துக்கு அதுதான் குறி. கூச்சப்பட்டேன். ஆனால் அந்தக் கோடு வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் மட்டும் தோன்றும் அரிய நோய்கள் சில உண்டு; அவற்றில் சிலவற்றோடு உணவுக்குழாய் அழற்சியும் வரும்.

உண்மையிலேயே மரபணுச் சோதனை வேண்டிய இடம்

அதுபோன்ற அரிய நோய்கள்தான் அது; இருவரிடமிருந்தும் வர வேண்டியவை மட்டும் அல்ல, ஒற்றைப் பழுதே போதுமானவையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு மரபணுவின் பழுதால் வருபவை, உணவுக்குழாயோடு மற்ற உறுப்புகளையும் தொடுபவை. குழந்தையிடம் இவற்றில் ஏதாவது இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: அடிக்கடி நிமோனியா, தோலில் கட்டிகள், போகவே போகாத மருக்கள், விழாத பால் பற்கள். இவை டாக்-8 அல்லது ஸ்டாட்-3 மரபணுவைப் பார்க்கச் சொல்லும். பிறந்ததிலிருந்தே சிவந்து உரியும் தோலும் முறிந்து முறிந்து போகும் முடியும் நெதர்ட்டன் நோயைக் காட்டலாம். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்து, கண்கள் அகன்றிருந்து, மூட்டுகள் தளர்ந்திருந்தால் லோய்ஸ்-டீட்ஸ் நோயா என்று பார்க்க வேண்டும். அதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியே வீங்கக்கூடும். அங்கே மரபணு விடை உயிரையே காக்கும், தள்ளிப்போடக் கூடாது.

பெரியவன் கட்டைவிரலைப் பின்னால் வளைத்துக் காட்டுவான். அதனால் எனக்குப் பயம் இருந்தது. மருத்துவர் 9 புள்ளி மூட்டுத் தளர்வுக் கணக்கில் பார்த்தார், 3 வந்தது. உள்நாக்கும் சரி, தோலும் சரி. சோதனை வேண்டாம் என்றார். மூட்டுத் தளர்வு மட்டும் மிகுந்திருக்கும் எலர்ஸ்-டான்லஸ் வகைக்கு இன்னும் மரபணுவே உறுதியாகவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

மருந்துக்காக ஒரு சோதனை

மருத்துவர் வழியாக நாங்கள் கடைசியில் எடுத்தது இந்த ஒன்றைத்தான். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மருந்துகள் இந்த நோயின் முதல்நிலைச் சிகிச்சைகளில் ஒன்று. அவற்றை உடைக்கும் ஈரல் நொதி சி.ஒய்.பி-2சி19. சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும். மருந்து வேலை செய்யும் முன்பே கரைந்துவிடும். வேகமாக உடைப்பவர்களுக்கு ('17' என்று எண்ணிட்ட மரபணு வடிவம் அப்படி வேகமானது) இந்த மருந்தின் பலன் நாளடைவில் நழுவிப்போவது அதிகம் என்று 2015-இல் ஒரு ஆய்வு காட்டியது. மருந்து மரபணு வழிகாட்டு அமைப்பான சிபிக், 2020-இல், மிக வேகமாக உடைப்பவர்களுக்கு ஆரம்ப அளவைக் கூட்டவும், மெதுவாக உடைப்பவர்களுக்கு நீண்ட காலச் சிகிச்சையில் குறைக்க யோசிக்கவும் சொன்னது. நம் தெற்காசியர்களிடம் மெதுவான வடிவம் அதிகம் என்பதால் இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லது.

பெரியவனுக்கு ஒரு வருடம் நன்றாக இருந்து, பிறகு இயோசினோபில் எண்ணிக்கை மறுபடி 40-க்கு ஏறியது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்தார்கள். ஒரு சாதாரண வடிவம், ஒரு '17'. மருத்துவர் மருந்தைக் காலை, மாலை என்று மாற்றினார். அதே சமயம் நாங்களும் பாலைக் கண்டிப்பாக நிறுத்தினோம். அடுத்த பயாப்சியில் 6. எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து பலிக்காதபோது இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

தபாலில் வரும் பெட்டி

சரி, தபாலில் பெட்டி வாங்கி ஏற்கெனவே எச்சில் கொடுத்துவிட்டீர்கள், உங்கள் டி.என்.ஏ எழுத்துகள் அடங்கிய கச்சாத் தரவுக் கோப்பும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் டி.எஸ்.எல்.பி வரியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். நானும் கண்டுபிடித்தேன், இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 'ஆபத்தான' எழுத்து மிகப் பலரிடம் இருப்பது. இந்த மாதிரிக் கோப்புகளில் தெரிந்த மாற்றங்களை மருத்துவ ஆய்வகத்தில் சரிபார்த்த 2018-ஆம் வருடத்து ஓர் ஆய்வில் 40 சதவீதம் பொய்யாக இருந்தன. எனவே அந்தக் கோப்பை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் க்ளியா என்ற ஆய்வகத் தரச் சான்று பெற்ற ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனம் கைமாறினால் தரவும் கைமாறலாம். 2025 மார்ச்சில் இந்தப் பெட்டிகளை விற்கும் 23 அண்ட் மீ நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது பலர் ஓடிப்போய்த் தங்கள் தரவை அழிக்கக் கேட்டார்கள். குழந்தையின் டி.என்.ஏ என்றால் இன்னும் நிதானம் வேண்டும், நாளைக்கு அவன்தான் அதோடு வாழப்போகிறவன்.

கையெழுத்துப் போடும் முன்

2008-இல் வந்த கினா சட்டப்படி, மரபணு முடிவை வைத்து மருத்துவக் காப்பீடு மறுக்கவோ, வேலையிலிருந்து நீக்கவோ இங்கே கூடாது. ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவை அந்தச் சட்டத்துக்குள் வராது. இதைச் சோதனைக்கு முன்பே யோசியுங்கள். காப்பீட்டிலிருந்து முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எல்லா மரபணுவையும் படிக்கும் எக்ஸோம் சோதனை என்றால், தேடாமலேயே கண்ணில் படும் புற்றுநோய், இதயநோய் மரபணுக்களைச் சொல்லவா வேண்டாமா என்று ஒரு கட்டம் இருக்கும். வீட்டில் பேசிவிட்டு நிரப்புங்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் முடிவு உங்களுக்குத் திரும்பி வருமா என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் வராது. நாங்கள் தெரிந்தேதான் கொடுத்தோம். நம் ஊர்க்காரர்களின் மாதிரிகள் சேர்ந்தால்தான் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் எண்கள் வரும்.

முடிவில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வந்தால் அது நோய் என்று அர்த்தம் இல்லை. அந்த மாற்றத்தை அவர்கள் போதிய பேரிடம் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம், நம் மக்களுக்கு இது அதிகம் வரும். அறிக்கையின் முழுப் பிரதியை வாங்கி வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று இருக்க வேண்டாம்.

சின்னவனுக்கு இப்போது ஐந்து வயது. அவனுக்கு எந்த மரபணுச் சோதனையும் செய்யவில்லை. அறிகுறி இல்லாத பிள்ளைக்கு எண்டோஸ்கோப்பியும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிடும் நேரத்தையும், எத்தனை மடக்கு தண்ணீர் என்பதையும், எதை ஒதுக்கினான் என்பதையும், உயரம், எடையையும் எழுதுகிறேன். அவனுக்குத் தெரியாமல்தான் பார்ப்பேன், சாப்பாடு பரீட்சை ஆகிவிடக் கூடாது. நேரம் நீண்டுகொண்டே போனாலோ, வாந்தி, நெஞ்சில் நிற்கிறது என்ற பேச்சு வந்தாலோ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக இரைப்பைக் குடல் மருத்துவரிடம் போவதாகத் திட்டம். சாப்பாடு சிக்கி எச்சில்கூட இறங்கவில்லை என்றால் தாளெல்லாம் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்கு. போன ஞாயிறு எழுதியது: இரண்டு தோசை, 14 நிமிடம், தண்ணீர் ஒரே ஒரு தடவை, கடைசியில்.